எண் 47

குடுவையின் மேல் பெயர் கூடாது. விதி.
எண் 47. ஆண். எழுபத்தொரு வயது.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ அவசரமாகப்
‘பியானோ’ என்று கிறுக்கியிருந்தார்கள்.
வாசித்தவரா, சுமந்தவரா, தெரியவில்லை.

போர்த்துவில் நவம்பர்.
தோரு ஆற்றின் மூடுபனி ஆய்வுக்கூடச் சன்னலில்
மூக்கை வைத்து அழுத்துகிறது.
என் வேலை எளிது.
இடுப்பின் நான்காம் எலும்புக்கும் ஐந்தாவதற்கும்
நடுவே கிடந்த வட்டை அறுத்து,
முடியைவிட மெல்லிதாய்ச் சீவி,
கண்ணாடித் தகட்டில் கிடத்துவது.

எழுபது கடந்த வட்டுகள் எனக்குப் பழக்கம்.
காய்ந்த நண்டு ஓடு. பழுப்பு. விரிசல்.
கத்தி பட்டால் நறநறக்கும்.
இவரோ,
மத்தொசீன்யுஷ் கரையில் அலை ஒதுக்கிப்போன
இழுதுமீன் போல
வெளிச்சத்தை விழுங்கி வைத்துக்கொண்டு
கத்தியடியில் தளும்பினார்.

குடுவை மாறிவிட்டதோ என்று
இரண்டு முறை எண்ணைப் பார்த்தேன்.

ஒன்று சொல்லவேண்டும்.
உடம்புக்குள் ரத்தம் எட்டிப் பார்க்காத
மிகப் பெரிய வீடு அது.
பகலெல்லாம் நம் எடை அதைப் பிழியும்.
இரவு நாம் சாய்ந்த பிறகுதான்
ஓரங்களிலிருந்து ஈரம் கசிந்து வரும்,
அதன் கையைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உயிர்வளி.
அதனால்தான் விடியும்போது நாம்
மாலையைவிட ஒரு விரற்கடை உயரம்.
குளியலறைக் கதவில் பென்சிலால்
கோடு போட்டே பார்த்திருக்கிறேன்.
பவுலினு சிரித்தார்.
பிறகு அவரும் வந்து முதுகை ஒட்டி நின்றார்.

அந்தப் பஞ்சத்தில் சில நொதிகள்
கத்தரிக்கோலோடு அலையும்,
நீரைப் பிடித்துவைக்கும் இழைகளை நறுக்க.
அவற்றின் வாயில் விரலைக் கொடுத்து
மூடவிடாமல் நிற்கிறது ஒரு புரதம்.
உடம்பே செய்வது. மருந்துக்கடையில் இல்லை.
எல்லோரிடமும் உண்டு,
சிலரிடம் சீக்கிரம் களைத்துவிடுகிறது
என்று நினைக்கிறோம்.
‘நினைக்கிறோம்’ என்ற சொல்லை
எங்கள் தலைவி ஹெர்மீனியா
சிவப்பில் அடிக்கோடிடுவாள்.

பச்சைச் சாயம் ஏற்றினேன். விளக்கை அணைத்தேன்.
நள்ளிரவு ஆற்றில் படகுகள்,
ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் விளக்கு.
எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டு,
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை தொலைபேசி.
படிவத்தில் உள்ளபடி தங்கையிடம் கேட்டேன்:
முதுகுவலி உண்டா?

“முதுகா?”
வெகுநேரம் சத்தமில்லை.
“பல்லைப் பற்றிப் புலம்புவான். ஷூவைப் பற்றி.
ஏன் இவர்கள் எல்லோருக்கும்
ஐந்தாம் மாடியில்தான் சங்கீதம் வருகிறது என்று
படி ஏறும்போதெல்லாம் திட்டுவான்.
தோளில் வார், நாற்பத்திரண்டு வருஷம்.
முதுகா… இல்லையே.
தனக்கு முதுகு ஒன்று இருந்ததே
அவனுக்குத் தெரியாது.”

‘இல்லை’ என்று குறித்துக்கொண்டேன்.

“நாற்பத்தேழா? அப்படியா எழுதியிருக்கிறீர்கள்?
அபீலியு. எழுதிக்கொள்ளுங்கள்.”
படிவத்தில் இடமில்லை.
உள்ளங்கையில் எழுதினேன்,
கையுறை மாட்டியதும் மறைந்தது.

ஹெர்மீனியா தகட்டைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு, “ஒருத்தர் சாட்சி ஆகமாட்டார்.
அறுபது வேண்டும்.
எலிகளில் பதினொன்றுக்கு ஆறுதான், ஞாபகமிருக்கட்டும்”
என்று காபி எடுக்கப் போனாள்.
திரும்பி வந்து மறுபடி பார்த்தாள்.

48. ஆண். அறுபத்தாறு. கணக்காளர்.
தூக்கியதில் கனமானது பேரேடாக இருக்கலாம்.
நண்டு ஓடு.
பச்சை, தேடித் தேடி, நாலு இடத்தில்.
முதுகுவலி உண்டா என்ற கேள்விக்கு
மனைவி தனித்தாள் இணைத்திருந்தாள்,
இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி.

நாற்காலியை முன்னே இழுத்து
நிமிர்ந்து உட்கார்ந்து
படிக்கத் தொடங்கினேன்.